வைக்கோல் பாலாவது எப்படி?

தஞ்சோங் காராங் வயல்களில் கிடைக்கும் வைக்கோலைத் தின்று பசு பால் தருகிறது. அதே வைக்கோலை நாம் தின்றால் செரிக்காது. காரணம் என்ன?

பசுவின் இரைப்பை நான்கு அறைகளைக் கொண்டது. முதல் அறையே மிகப் பெரியது. பெரிய பசுவில் அது 100 லிட்டருக்கும் மேல் கொள்ளும். அங்கே காற்றின்றி வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் நாரைச் சிதைத்துப் பசுவுக்கு உணவாக்குகின்றன. அசைபோடும்போது சுரக்கும் உமிழ்நீர் அங்குள்ள அமிலத்தைத் தணிக்கிறது.

அவ்வுயிர்களுள் பூஞ்சைகளும் உண்டென்பதை 1975ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கோலின் ஆர்ப்பின் எடுத்துக்காட்டினார். நமது சிலாங்கூரிலும், செர்டாங்கில் அன்று வேளாண் பல்கலைக்கழகமாகவும் இன்று புத்ரா பல்கலைக்கழகமாகவும் விளங்கும் கழகத்தில், ஹோ யின் வான், நோர்ஹானி அப்துல்லா, ஜலாலுடின் ஆகியோர் மாடு, எருமைகளின் இரைப்பைப் பூஞ்சைகளை ஆராய்ந்தனர். அவை நாரின் சுவரைத் துளைத்து உட்புகுவதை 1988இல் விளக்கினர். வைக்கோலிலும், செம்பனை ஆலையில் எஞ்சும் நாரிலும் அவை குடியேறுவதையும் பின்னர் ஆராய்ந்தனர்.

பெற்றோர்களே! மாட்டுப் பொங்கலன்று அன்பு மிகுதியால் மாட்டுக்குப் பானை பானையாகச் சோறு வைக்காதீர்கள். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு. பழக்கமில்லாத சோறு இரைப்பையில் விரைந்து புளித்து அமிலம் பெருகும். நாரைச் செரிக்கும் உயிர்கள் மடியும். மாடே இறக்கவும் கூடும். புதிய தீனியைச் சிறிது சிறிதாகவே பழக்குங்கள், புல்லைக் குறைக்காதீர்கள்.

மாட்டுக்கு நாம் இடும் தீனி, அதன் வயிற்றில் உழைக்கும் அக்கோடி உயிர்களுக்கும் இடும் தீனியாகும்.