வீட்டு வேலையில் விபத்தைத் தவிர்ப்பது

பண்டிகையோ கல்யாணமோ நெருங்கினால் வெள்ளையடிப்பது, மின்விசிறி மாற்றுவது, தண்ணீர்த் தொட்டி கழுவுவது போன்ற வேலைகளை வீட்டார் தாங்களே செய்துகொள்வது வழக்கம். கைப்பழக்கம் உள்ளவர்கள்கூட இவற்றில் அடிபடுகிறார்கள். ஐந்து நிமிட வேலைதானே என்று முன்னேற்பாட்டை விட்டுவிடுவதுதான் பெரும்பாலும் ஆபத்தைக் கொண்டுவருகிறது.

முதலில் மின்சாரம். வீட்டு இணைப்பில் வருவது 230 வோல்ட். மின்விசிறியைக் கழற்ற அதன் சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. சுவிட்சை நியூட்ரல் வயரில் இணைத்திருந்தால், அணைத்த பிறகும் விசிறிவரை மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். மெயினை அணைத்தாலும் வேலை முடிந்துவிடாது. மின்தடை என்று எண்ணி இன்வெர்ட்டர் தானாக மின்சாரம் கொடுக்கத் தொடங்கும். அதையும் நிறுத்த வேண்டும். பிறகு டெஸ்டரால் பார்க்க வேண்டும். அந்த டெஸ்டர் எரிகிறதா என்பதை, மெயினை அணைக்கும் முன்பே மின்சாரம் உள்ள பிளக்கில் வைத்து உறுதிசெய்துகொள்வது அவசியம்.

எம்.சி.பி. இருக்கிறதே என்று நம்பியிருப்பதும் தவறு. அது வயர் சூடாகித் தீப்பிடிக்காமல் காப்பது. ஆளைக் காப்பதற்கென்று உள்ளது 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அதிலுள்ள சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்க்க வேண்டும்.

அடுத்தது உயரம். சுவரில் சாய்க்கும் ஏணி 4 அடி உயரத்துக்கு 1 அடி வீதம் அடியில் தள்ளி நிற்க வேண்டும். 12 அடி உயரத்தில் சாய்த்தால் அடிப்பகுதி சுவரிலிருந்து 3 அடி விலகியிருக்கும். டைல்ஸ் தரையில் ஏணி வழுக்கும் என்பதால் கீழே ஒருவர் பிடித்துக்கொள்வது நல்லது. மொட்டைமாடிக்கு அருகே மின்கம்பி சென்றால் அலுமினிய ஏணியையும் இரும்புக் கம்பியையும் அங்கே தூக்கவே கூடாது.

சுவரில் துளையிடும்போது சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் உள்ள பகுதியைத் தவிர்க்க வேண்டும். வயர் குழாய்கள் பெரும்பாலும் அந்த வழியில்தான் போகும். கண்ணாடி அணிவது கட்டாயம். துப்பட்டா, தொளதொளத்த கையுறை, அவிழ்ந்த தலைமுடி எதுவும் சுழலும் இயந்திரத்தின் அருகே போகக் கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் துளையிட்டாலோ அறுத்தாலோ வெளிவரும் நுண்ணிழை நுரையீரலைக் கெடுக்கும். பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயும் வரலாம்.

பழைய பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்க்கும்போதும் கவனம் தேவை. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம். அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் மிகுந்திருக்கலாம். சுவரை நனைத்துத் தேய்த்தால் தூசி பறக்காது. அந்த நேரத்தில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அங்கே இருக்கக் கூடாது. கழிவறை கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் கலந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு கிளம்பும்.

மிகவும் அஞ்ச வேண்டியது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியான சம்ப். காற்றில் சுமார் 21 சதவீதம் ஆக்சிஜன் உண்டு. நெடுநாள் மூடிக் கிடந்த தொட்டியில் அது பெரிதும் குறைந்திருக்கலாம். கெட்ட வாடை எதுவும் வராது; இறங்கியவர் திடீரென மயங்கி விழுவார். காப்பாற்றப் பதறி இறங்குபவரும் அவரோடு சாய்வார். ஒரே தொட்டியில் பலர் இறப்பது இப்படித்தான். எண்ணெயில் ஓடும் பம்பைத் தொட்டிக்குள் இறக்கினால் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்துகொள்ளும். தொட்டிக்குள் இறங்காமல், நீண்ட கைப்பிடித் துடைப்பத்தால் மேலிருந்தே கழுவலாம். யாராவது உள்ளே விழுந்துவிட்டால் பின்னால் இறங்காமல் உடனே தீயணைப்புத் துறையை 101-இல் அழைக்க வேண்டும்.

மின்சாரம் தாக்கியவரையும் மெயினை அணைக்கும் முன் தொடக் கூடாது. அணைத்ததும் 108-ஐ அழைத்து, மூச்சு நின்றிருந்தால் உடனே நெஞ்சை அழுத்தி முதலுதவி தொடங்க வேண்டும். மீட்டர் பெட்டி, கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயர், சமையல் எரிவாயு இணைப்பு ஆகிய மூன்றையும் வீட்டார் தொடாமல் உரிய பணியாளர்களிடமே விட்டுவிட வேண்டும்.