யூஸ் கொடி

யூஸ் கொடி என்பது ஜென்டூ லினக்ஸ் வழங்கலில், ஒரு மென்பொருளை மூலநிரலிலிருந்து தொகுக்கும்போது அதன் விருப்பக் கூறுகளுள் எவை சேர வேண்டும், எவை விலக வேண்டும் என்பதைப் பயனர் குறிப்பிடும் சொல் ஆகும். டேனியல் ராபின்ஸ் தொடங்கிய ஜென்டூவின் 1.0 பதிப்பு 2002 மார்ச் 31 அன்று வெளியானது. இதன் பொதி மேலாளர் போர்ட்டேஜ் எனப்படும்.

தேவை

பெரும்பாலான லினக்ஸ் வழங்கல்கள் மென்பொருள்களை முன்னரே தொகுத்து இருமப் பொதிகளாக அளிக்கின்றன. யாருக்கு எது தேவைப்படும் என்று முன்கூட்டி அறிய இயலாததால், பல கூறுகளைச் சேர்த்தே தொகுக்கின்றன. எனவே திரையே இல்லாத வழங்கிக் கணினியிலும் வரைகலை நிரலகங்கள் வந்து சேரக்கூடும். ஜென்டூவில் தொகுத்தல் பெரும்பாலும் பயனரின் கணினியிலேயே நடப்பதால், இத்தெரிவும் அவருடையதாகிறது.

செயற்படும் முறை

ஒவ்வொரு பொதிக்கும் ஈபில்ட் என்னும் செய்முறைக் கோப்பு உண்டு. அப்பொதி ஏற்கும் கொடிகள் அதில் பட்டியலிடப்பட்டிருக்கும். கொடியின் பெயரை எழுதினால் கூறு சேரும். பெயரின் முன் கழித்தல் குறி இட்டால் விலகும். எடுத்துக்காட்டாக, அச்சுப்பொறி இல்லாதவர் 'கப்ஸ்' கொடியை இவ்வாறு விலக்கலாம். அப்போது அச்சிடும் வசதி இன்றி மென்பொருள் தொகுக்கப்படும். அவ்வசதிக்காக மட்டுமே தேவைப்படும் நிரலகமும் நிறுவப்படாது.

முன்னுரிமை

கொடிகளைப் பல இடங்களில் குறிக்கலாம். கீழுள்ள வரிசையில் பின்னது முன்னதை மீறும்.

1. ஈபில்டின் இயல்பிருப்பு
2. தேர்ந்தெடுத்த கணினி வகைமை
3. மேக்.கான்ஃப் கோப்பு: எல்லாப் பொதிகளுக்கும்
4. பேக்கேஜ்.யூஸ் கோப்பு: குறித்த பொதிக்கு மட்டும்
5. கட்டளை வரி: அந்த ஒரு முறைக்கு மட்டும்

கட்டளை வரியில் தந்த தெரிவு நினைவில் வைக்கப்படாது. அடுத்த புதுப்பிப்பில் மறைந்துவிடும். எனவே நிலையான தெரிவுகளைக் கோப்பில் எழுதுவதே முறை. கொடியை மாற்றியபின் உரிய பொதிகளை மீண்டும் தொகுத்தால்தான் மாற்றம் நடைமுறைக்கு வரும்.

கட்டுப்பாடுகள்

சில கொடிகள் ஒன்றாக இயங்கா. சில, மற்றொன்று இருந்தால்தான் இயங்கும். இவ்விதி மீறப்பட்டால் போர்ட்டேஜ் தொகுக்காமல் நின்று, காரணத்தைக் காட்டும். ஆராயாமல் விலக்குவதும் தீங்காகும். 'ஜேபெக்' கொடியை எல்லாப் பொதிகளுக்கும் விலக்கினால், படம் காட்டும் மென்பொருள் அவ்வகைப் படங்களைத் திறக்காமல் போகலாம்.

பாதுகாப்பு

விருப்பக் கூறு ஒவ்வொன்றும் புதிய சார்புகளைக் கொண்டுவரக்கூடும். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. ஓப்பன்எஸ்எஸ்எச் தன் மூல வடிவில் எக்ஸ்இசட் நிரலகத்தைப் பயன்படுத்துவதில்லை. சில வழங்கல்கள் சிஸ்டம்டி அறிவிப்பு வசதிக்காகச் சேர்த்த ஒட்டு வழியாகவே அந்நிரலகம் அதனுள் நுழைந்தது. ஜென்டூவில் அந்த ஒட்டு சேர்க்கப்படவில்லை.