சாக்கடையில் போட்ட பை வீட்டுக்குள் வரும்!

2005-ம் ஆண்டு ஜூலை 26-ந் தேதி, செவ்வாய்க்கிழமை. மும்பை மக்களால் மறக்க முடியாத நாள் அது.

காலையில் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனவர்களில் பலர் அன்று இரவு வீடு திரும்பவில்லை. மின்சார ரெயில்கள் நின்றுவிட்டன. இடுப்பளவு தண்ணீரில் மைல் கணக்கில் நடந்து வந்தவர்கள் உண்டு. அலுவலக மேஜை மேல் படுத்து இரவைக் கழித்த குமாஸ்தாக்களும் உண்டு.

சாந்தாகுருசில் 24 மணி நேரத்தில் 944 மில்லி மீட்டர் மழை கொட்டியது. நகரில் மட்டும் 400-க்கும் அதிகமானவர்கள் இறந்தார்கள். மித்தி ஆறு கரை புரண்டது. குர்லாவிலும் தாராவியிலும் வீடுகளுக்குள் சாக்கடைத் தண்ணீர் புகுந்தது. அரிசி, துணிமணி, ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பாடப் புத்தகம் எல்லாம் நாசமாயின.

மழை கொட்டியது வானத்தின் வேலை. கொட்டிய மழை வடியாமல் நின்றதே, அது யார் வேலை?

காரணம் ஒன்றல்ல. நகரின் பழைய மழைநீர் வடிகால்கள் மணிக்கு 25 மில்லி மீட்டர் மழையைத் தாங்கும் அளவுக்கே கட்டப்பட்டவை. கடல் பெருக்கு நேரத்தில் வடிகால் தண்ணீர் கடலுக்குள் போக வழி இல்லை. ஆற்றின் இரு கரையையும் ஆக்கிரமிப்புகள் நெருக்கிவிட்டன. இத்தனைக்கும் மேல், வடிகால்களின் வாயைப் பிளாஸ்டிக் பைகள் அடைத்துக்கொண்டிருந்தன. அதனால்தான் 50 மைக்ரானுக்கும் குறைந்த மெல்லிய பைகளுக்கு மராட்டிய அரசு 2006-ல் தடை போட்டது. 2018-ல் அந்தத் தடை இன்னும் கடுமையாக்கப்பட்டது.

தடை வந்தது. பை போய்விட்டதா? எந்தச் சந்தில் வேண்டுமானாலும் சாக்கடை மூடியைத் தூக்கிப் பார்த்தால் பதில் தெரியும்.

வாசல் சுத்தம், வாய்க்கால் அசுத்தம்

தாராவியில் பல சந்துகளில் இரண்டு பேர் எதிரெதிராக வந்தால் ஒருவர் ஒதுங்கி நின்றுதான் வழிவிட வேண்டும். நடக்கிற கல்லுக்குக் கீழேயே சாக்கடை ஓடுகிறது. அதை ஒட்டியோ, பல இடங்களில் அதற்குள்ளேயோ, குடிதண்ணீர்க் குழாயும் போகிறது.

தமிழர் வீடுகளை எட்டிப் பார்த்தால் உள்ளே பாத்திரங்கள் பளபளவென்று மின்னும். வாசலில் தண்ணீர் தெளித்து, ஒரு சாண் இடத்திலும் கோலம் போட்டிருப்பார்கள். ஆனால் வாசலில் கூட்டிய குப்பை எங்கே போகிறது? துடைப்பத்தின் கடைசி வீச்சில் அது சாக்கடைக்குள் விழுகிறது. ஷாம்பு உறை, பால் பை, குட்கா உறை எல்லாம் அதே வழியில்தான் போகின்றன.

சந்துச் சாக்கடை நாலாவில் சேருகிறது. நாலா மித்தி ஆற்றில் சேருகிறது. மித்தி, மாகிம் கழிமுகத்தில் கடலோடு கலக்கிறது. இந்தப் பாதையில் எந்த இடத்தில் அடைப்பு ஏற்பட்டாலும் தண்ணீர் வந்த வழியே திரும்பும். முதலில் மூழ்குவது பள்ளமான இடம். ஒரு காலத்தில் சதுப்பு நிலமாக இருந்த தாராவி அப்படிப்பட்ட இடம்தான்.

ஏழாவது மாடியில் இருப்பவர் எறிந்த பை அவர் மாடிக்கு ஏறி வராது. சந்தில் இருப்பவர் எறிந்த பை அவருடைய அடுப்படிக்கே வந்துவிடும்.

ஒரு காய்ச்சல், பத்து நாள் கூலி

குப்பை சேரும் இடத்தில் எலி சேரும். எலியின் சிறுநீர் மழைத் தண்ணீரில் கலக்கும். காலில் சிறு வெட்டுக் காயம் இருந்தாலும் அதன் வழியாக உடம்புக்குள் நுழைவது 'லெப்டோஸ்பைரோசிஸ்' என்னும் எலிக் காய்ச்சல். 2005 வெள்ளத்துக்குப் பிறகு இந்த நோயும் பல உயிர்களைக் குடித்தது. தேங்கிய தண்ணீரில் நடக்க நேர்ந்தவர்கள் 72 மணி நேரத்துக்குள் மாநகராட்சி மருந்தகத்துக்குப் போய் டாக்டரைப் பார்ப்பது நல்லது. காய்ச்சல் வரும்வரை காத்திருக்கக் கூடாது.

சாக்கடைக்குள் போகும் குடிதண்ணீர்க் குழாயில் ஓட்டை விழுந்தால், தண்ணீர் நிற்கும் நேரத்தில் அழுக்கு உள்ளே இழுக்கப்படும். விளைவு, மஞ்சள் காமாலையும் வயிற்றுப்போக்கும். வெளியே எறிந்த தேங்காய்ச் சிரட்டையில் தேங்கும் மழைநீரே டெங்கு கொசுவுக்குப் போதும்.

தினக்கூலிக்காரர் பத்து நாள் படுத்தால் பத்து நாள் கூலி போகிறது. ஊருக்கு அனுப்ப வேண்டிய பணமும் நிற்கிறது.

சாம்பார் பையும் பங்கார் கடையும்

இட்லி வியாபாரம் தாராவித் தமிழர்களின் கையில் இருக்கும் பெரிய தொழில். விடியற்காலையில் இட்லியுடன் நகரெங்கும் புறப்படுகிறார்கள். இட்லியைக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கலாம். சட்டினிக்கும் சாம்பாருக்கும் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் பை! சாப்பிட்டு முடிந்ததும் அந்தப் பை தெருவில் விழுகிறது.

முன்பெல்லாம் ஓட்டலுக்குத் தூக்குவாளி கொண்டு போவார்கள். அந்தப் பழக்கத்தைத் திரும்பக் கொண்டு வந்தாலே பாதிப் பைகள் குறையும். வாளி கொண்டு வருபவருக்கு ஒரு கரண்டி சாம்பார் கூடுதலாக ஊற்றினால் கடைக்காரருக்கு நஷ்டம் வராது. பை வாங்கும் காசு மிச்சம்.

இதே தாராவியில்தான் '13 காம்பவுண்ட்' இருக்கிறது. நகரம் எறியும் பிளாஸ்டிக்கை நிறம் நிறமாகக் கையால் பிரித்து, நொறுக்கி, கழுவி, உருக்கி மறுபடியும் தொழிற்சாலைக்கு அனுப்புகிறார்கள். பல குடும்பங்களுக்கு அதுதான் பிழைப்பு. காய்ந்த பிளாஸ்டிக் பங்கார் கடையில் காசாகும். சாம்பாரும் மீன் முள்ளும் ஒட்டிய பிளாஸ்டிக்கை யாரும் தொட மாட்டார்கள்.

ஈரக் குப்பை வேறு, உலர்ந்த குப்பை வேறு என்று பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம் மட்டுமல்ல. வெறுங்கையால் குப்பையைக் கிளறும் தொழிலாளியின் கையைக் காப்பாற்றும் வழியும் அதுதான். உடைந்த கண்ணாடியையும் பிளேடையும் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பதற்குச் செலவு என்ன?

குற்றம் ஒரு பக்கம் மட்டுமல்ல

எல்லாப் பழியையும் குடியிருப்போர் தலையில் போடுவது நியாயம் ஆகாது. குறுகலான சந்துக்குள் குப்பை லாரி நுழையாது. தொட்டி தூரத்தில் இருக்கும். இருக்கும் தொட்டியும் நிரம்பி வழியும். மழைக்கு முன்பு சாக்கடையைத் தூர் வாருவார்கள். வாரிய சகதியை ஓரத்திலேயே குவித்து வைத்தால், முதல் மழையில் அது மறுபடியும் உள்ளே போய்விடும்.

அப்படி நடந்தால் சும்மா இருக்கக் கூடாது. மாநகராட்சியின் 1916 எண்ணுக்குப் போன் செய்து, புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். தாராவிக்காரர்கள் ஜி-வடக்கு வார்டு அலுவலகத்தில் எழுத்து மூலமாகவும் கொடுக்கலாம். மராட்டி எழுதத் தெரிந்த பிள்ளை ஒவ்வொரு சந்திலும் உண்டு. ஒருவர் கையெழுத்தைவிட நாற்பது வீட்டுக் கையெழுத்துக்கு மதிப்பு அதிகம்.

ஒற்றுமையால் தெரு மாறும் என்பதற்கு மும்பையிலேயே சாட்சி உண்டு. 1990-களில் காட்கோபரில் ஜோஷி சந்துக்காரர்கள் ஒன்றுகூடித் தங்கள் தெருவைச் சுத்தமாக்கினார்கள். அதைப் பார்த்துத்தான் வட்டாரந்தோறும் குடிமக்கள் குழு அமைக்கும் திட்டத்தை மாநகராட்சி பரப்பியது.

அவ்வளவு தூரம் போவானேன்? 2020 ஏப்ரலில் தாராவிக்குள் கொரோனா நுழைந்தபோது, 'இனி தாராவி பிழைக்காது' என்றார்கள் பலர். பொதுக் கழிப்பறைகளைத் திரும்பத் திரும்பக் கழுவினார்கள். வீடு வீடாகச் சோதனை செய்தார்கள். மக்கள் ஒத்துழைத்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவரே தாராவியை எடுத்துக்காட்டாகச் சொன்னார்.

குப்பை மலைக்கு ஒரு பார்வை

1927 முதல் மும்பையின் குப்பை தேவ்னாரில் கொட்டப்பட்டு மலையாகிவிட்டது. 2016 ஜனவரியில் அது தீப்பற்றிப் பல நாள் புகைந்தது. செம்பூர், கோவண்டி மக்கள் மூச்சுத் திணறினார்கள். அந்தத் தேவ்னாரில் 124 ஏக்கரைத் தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்கு ஒதுக்க 2024-ல் மராட்டிய அமைச்சரவை முடிவு செய்தது. எறிந்த குப்பையின் மேலேயே குடியேற வேண்டி வருமோ என்ற கவலை இன்று தாராவிக்காரர்களுக்கு இருக்கிறது.

அந்தக் கவலைக்குப் பதில் சொல்ல வேண்டியது அரசாங்கம். சந்துச் சாக்கடைக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் சந்துக்காரர்கள்.

ஜூன் மாதம் மழை வரும். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டுக்கு ஒருவர் வெளியே வந்தால் போதும். இரண்டு மணி நேரத்தில் ஒரு சந்து சுத்தமாகிவிடும். அதற்கு மறுநாள் எந்தத் துடைப்பமும் சாக்கடைப் பக்கம் வீசாமல் இருந்தால், அந்தச் சுத்தம் நிலைக்கும்.