சக்கரத்துக்குள் ஒரு பிடி மணல்

பழவேற்காட்டிலிருந்து பாலம் தாண்டி லைட்ஹவுஸ் குப்பத்துக்கு வரும் கார்க்காரர்களுக்குக் கடலைக் கண்டதும் கை சும்மா இருக்காது. தார்ச்சாலை முடியும் இடத்தில் நிறுத்தாமல் வண்டியை மணலுக்குள் இறக்கிவிடுவார்கள். அலை நனைத்த ஈரமணலில் நாலு வட்டம் அடித்துவிட்டுத் திரும்பும்போது, பொன்னேரி சாலையில் வேகம் எழுபது, எண்பதைத் தொட்டதும் ஸ்டியரிங் கிடுகிடுவென்று ஆடத் தொடங்கும். காலையில் வரும்போது இல்லாத ஆட்டம். டயர் வெடிக்கப் போகிறதோ, அச்சு வளைந்துவிட்டதோ என்று வயிற்றைக் கலக்கும். பெரும்பாலும் இரண்டும் இல்லை. ரிம்மின் உள்பக்கம் ஒரு பிடி ஈரமணல் ஒட்டிக் கிடக்கும், அவ்வளவுதான்.

கனடாவில் ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம் குடியிருக்கும் தமிழர்களுக்கு இந்த ஆட்டம் குளிர்காலத்தில் வரும். பனி கொட்டிய மறுநாள் நெடுஞ்சாலையில் ஏறியதும் கார் நடுங்கும். அங்கே ரிம்முக்குள் இருப்பது பனி. ஒட்டியிருப்பது எது என்று சக்கரத்துக்குத் தெரியாது. எவ்வளவு எடை, எந்தப் பக்கம் என்பது மட்டும்தான் அதன் கணக்கு.

டயரின் வெளிப்புறத்தில் ஒட்டும் மணல் நிற்காது, சுழலும் வேகத்திலேயே தெறித்துப் போய்விடும். ரிம்மின் கதை வேறு. அதன் உள்பக்கம் ஓர் உருளையின் உட்சுவர். அங்கே ஒட்டிய மணலும் வெளியே பாயத்தான் பார்க்கும். ஆனால் உலோகச் சுவர் மறித்து நிற்கிறது. எனவே வண்டி வேகமெடுக்க எடுக்க மணல் உதிராமல் சுவரோடு இன்னும் இறுகுகிறது. “கொஞ்சம் விரட்டி ஓட்டுங்க, தானா விழுந்துடும்” என்று யோசனை சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். விரட்டினால் நடப்பது இதுதான்.

எவ்வளவு இறுகும்? சாதாரணக் காரின் சக்கரத்தில் அச்சிலிருந்து தரை வரை ஏறத்தாழ 30 செ.மீ. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் அந்தச் சக்கரம் நொடிக்கு 12 முறை சுற்றுகிறது. அச்சிலிருந்து 18 செ.மீ. தள்ளி 100 கிராம் மணல் ஒட்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அது ரிம்மைத் தள்ளும் விசை ஏறக்குறைய 10 கிலோ எடைக்குச் சமம். 40 கி.மீ. வேகத்தில் இதே மணல் இரண்டரைக் கிலோ அளவுக்குத்தான் தள்ளும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகிறது. ஊருக்குள் ஓட்டும்போது தெரியாத குறை சாலையில் பூதாகாரமாவது இதனால்தான்.

அந்தத் தள்ளல் ஒரே திசையில் இருந்தாலாவது தேவலை. மேலே, முன்னே, கீழே, பின்னே என்று நொடிக்கு 12 முறை திசை மாறுகிறது. துணியெல்லாம் ஒரு பக்கம் சேர்ந்துகொண்ட வாஷிங் மெஷின் பிழியும்போது குதிக்குமே, அதே குதிப்பு. போதாததற்கு, காரின் சக்கரமும் அதைத் தாங்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த அமைப்புக்கு இயல்பாகவே நொடிக்குப் பத்துப் பதினைந்து முறை அதிரும் குணம் உண்டு. இரண்டு தாளமும் ஒத்துப்போகும் வேகத்தில் ஆட்டம் உச்சத்துக்குப் போகும். அதைத் தாண்டினால் சற்று அடங்கியதுபோல் இருக்கும். முன்சக்கரத்தில் மணல் இருந்தால் ஸ்டியரிங் ஆடும். பின்சக்கரம் என்றால் இருக்கை.

சக்கரத்தின் எடை எல்லாப் பக்கமும் சமமாக இருக்க வீல் பேலன்சிங் செய்யும்போது ரிம் ஓரத்தில் பொருத்தும் எடைகள் 5 கிராம், 10 கிராம் என்றுதான் தொடங்குகின்றன. கை நிறைய அள்ளிய ஈரமணல் 200 கிராமுக்குக் குறையாது.

இறுகிய பனிக்கட்டி தண்ணீரைவிடச் சற்று லேசு. ஈரமணல் தண்ணீரைப் போல் ஏறத்தாழ இரண்டு பங்கு கனம். ஒரே அளவு இடத்தை அடைத்தால் நம்ம ஊர் மணல்தான் மோசம். ஆனால் இரண்டும் ஒட்டும் விதத்தில் ஓர் ஒற்றுமை இருக்கிறது. காய்ந்த மணல் ஒட்டாது, தண்ணீரோடு தண்ணீராக ஓடும் மணலும் வழிந்துவிடும். மணிகளுக்கு இடையே மெல்லிய நீர்ப்பாலம் அமையும் அளவுக்கு ஈரம் இருந்தால்தான் பிடித்துக்கொள்ளும். கடும் குளிரில் விழும் பொடிப்பனியும் அப்படியே, காற்றில் பறந்துவிடும். பூஜ்யம் டிகிரியை ஒட்டிய வெப்பநிலையில் விழும் ஈரப்பனிதான் அப்பிக்கொள்வது.

பனிக்கு இன்னொரு கெட்ட பழக்கம். ஓடி நின்ற வண்டியின் பிரேக் சூட்டில் ரிம்முக்குள் இருக்கும் பனி உருகி அடிப்பக்கம் வடியும். இரவில் அங்கேயே கட்டியாக உறையும். சுற்றிலும் பரவியிருந்த எடை, காலையில் ஒரே இடத்தில் குவிந்திருக்கும். மணல் அப்படி இடம் மாறுவதில்லை. காய்ந்தால் உதிரத் தொடங்கிவிடும்.

மீன் பெட்டியோடு ஓடும் டிவிஎஸ் எக்ஸ்எல் போன்ற வண்டிகளுக்கு இந்த ஆட்டம் பெரிதாக வராது. கம்பிச் சக்கரத்தில் மணல் தங்க உட்சுவர் இல்லை, வேகமும் குறைவு. அவற்றின் எதிரி பழவேற்காட்டு ஏரிக்கரைச் சேறு. டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே இருக்கும் சந்தில் சேறு அடைத்துக்கொண்டால் சக்கரம் சுற்றவே மறுக்கும். பனி நாடுகளில் கார் சக்கரத்தின் மேல்வளைவில் பனி இப்படி அடைத்துக்கொண்டு, ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்ப விடாது. வண்டியை விட்டு இறங்கியதும் அந்த இடத்தில் காலால் ஓர் உதை விடுவது அங்கே பலருக்கும் வழக்கம்.

ஆட்டத்தைவிட நான் பயப்படுவது உப்புக்கு. பனி நாட்டில் சாலைப் பனியை உருக்க உப்பைக் கொட்டுகிறார்கள். உப்பு கலந்தால் தண்ணீர் பூஜ்யத்துக்குக் கீழேதான் உறையும். அந்த உப்பு கார்களின் அடிப்பாகத்தைத் தின்கிறது. லைட்ஹவுஸ் குப்பத்தில் யாரும் கொட்ட வேண்டியதில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உவர்நீர் ஏரி, நடுவே மணல் திட்டு. காற்றிலேயே உப்பு வருகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்போடு கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். ஆகவே மழை ஒரு துளி இல்லாத மே மாதத்திலும், ரிம்முக்குள் தங்கிய கடல்மணல் கண்ணுக்குக் காய்ந்ததுபோல் இருந்துகொண்டே உள்ளே கசிந்துகொண்டிருக்கும். அது அரிப்பது பிரேக்கின் இரும்புப் பாகங்களையும் பேரிங்கையும்.

எடுப்பதற்கு மெக்கானிக் வேண்டாம். வண்டியை ஓரங்கட்டி, ரிம்மின் ஓட்டைகள் வழியே மரக்குச்சியோ பழைய பிரஷ்ஷோ விட்டுச் சுரண்டினால் முக்கால்வாசி வந்துவிடும். பிரேக் சூடாக இருக்கும், அது ஆறும்வரை கையை விடாதீர்கள். வீடு சேர்ந்ததும் நல்ல தண்ணீரால் உள்பக்கத்தையும் கழுவ வேண்டும். கரிக்கும் போர் தண்ணீர் உதவாது. உப்பை எடுக்கப் போய் உப்பை விட்டுவிட்டு வரும். வாட்டர் சர்வீஸில் பீய்ச்சும் நீரைப் பேரிங்கின் மேல் நேராக அடிக்க விடக் கூடாது, சீலைத் தாண்டி மணலையும் உள்ளே தள்ளிவிடும். கழுவியபின் மெதுவாக ஓட்டி இரண்டு மூன்று முறை பிரேக் பிடித்தால் ஈரம் காய்ந்துவிடும். பனிக்கட்டியாக இருந்தால் பிளாஸ்டிக் சுரண்டியே போதும். கொதிநீர் ஊற்றுவது மடத்தனம். கடும் குளிரில் அதுவும் சற்று நேரத்தில் உறைந்து நிற்கும்.

இதையெல்லாம் செய்யாமல் பலர் நேராக டயர் கடைக்குப் போய் பேலன்சிங் செய்யச் சொல்கிறார்கள். கவனமான கடைக்காரர் முதலில் ரிம்மைச் சுத்தம் செய்வார். அவசரக்காரர் மணலோடேயே மெஷினில் ஏற்றி, அதற்கு எதிர்ப்பக்கம் எடையைப் பொருத்தி அனுப்பிவிடுவார். அன்றைக்கு வண்டி வழுக்கிக்கொண்டு போகும். இரண்டு நாளில் மணல் காய்ந்து உதிர்ந்துவிடும், எடை மட்டும் ரிம்மிலேயே இருக்கும். ஆட்டம் மறுபடி வரும், இந்த முறை எதிர்ப்பக்கத்திலிருந்து.