சிங்கராஜா காட்டில் ஒரு கூட்டு வியாபாரம்!

நம்ம ஊர்த் தோட்டங்களில் தவிட்டுக்குருவிகளைப் பார்த்திருப்பீர்கள். ஏழெட்டாகத்தான் வரும். சருகைக் கிளறும். கிளறிக்கொண்டே வாயாடும். ரேஷன் கடை க்யூ தோற்றது போங்கள்!

அந்தக் குடும்பத்தில் ஒரு கிளை இலங்கையில் மட்டுமே இருக்கிறது. செம்பழுப்பு உடம்பு, ஆரஞ்சு அலகு. மழைக்காட்டுவாசி. சிங்களத்தில் இதன் பெயர் 'ரது தெமலிச்சா'. சிங்களத்தில் 'தெமள' என்றால் தமிழ்! இவ்வளவு சத்தம் போடுகிற பறவைக்கு ஏன் அந்தப் பேர் என்று நான் விசாரிக்கப் போவதில்லை. வம்பு எதுக்கு சார்!

ஆனால் சத்தம் வீண் இல்லை. அடர்ந்த காட்டில் பக்கத்து மரத்து ஆள் கண்ணுக்குத் தெரியாது. "நான் இங்க இருக்கேன், நீ எங்கே?" என்று கேட்டுக்கொண்டேதான் நகரவேண்டும். அந்தக் கூச்சலைக் கேட்டு வேற்று இனப் பறவைகளும் வந்து சேர்ந்துவிடும். சிங்கராஜா காட்டில் சரத் கொட்டகமவும் எபன் குடேலும் எண்ணிப் பார்த்தார்கள். ஒரு கூட்டத்தில் சராசரியாக 40 பறவைகள், 11 இனங்கள்!

பி.காம். படித்தவனுக்கு இது பார்ட்னர்ஷிப்பாகத்தான் தெரிகிறது. இலைக்குள் தூங்கும் பூச்சியைக் கிளப்புவது நம்ம வாயாடிகள். பறந்த பூச்சியைக் கவ்வுவது துடுப்புவால் கரிச்சான். சும்மா இல்லை, வாட்ச்மேன் வேலையும் அதுதான். ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு குச்சியை வீசிப் பார்த்தார்கள். ஆபத்துக் குரல் கொடுப்பதில் கரிச்சான் படு உஷார். மற்ற பறவைகள் மாதிரி மிமிக்ரி செய்து ஆள் பிடிக்கவும் தெரியும். பலே பேர்வழி! அப்புறம் சிவப்பு முகப் பூங்குயில். இலங்கைக்கே சொந்தமான அபூர்வப் பறவை. அதிகம் வாய் திறக்காது. கூட்டத்தோடு நைசாக வந்து சாப்பிட்டுப் போகும். ஸ்லீப்பிங் பார்ட்னர்!

இந்தக் கம்பெனி 1970-களில் திவாலாகியிருக்கும். ஒட்டுப்பலகை ஆலைக்காக சிங்கராஜாவுக்குள் இயந்திரங்கள் புகுந்து மரம் வெட்டின. எதிர்ப்பு கிளம்பி 1977-ல் வெட்டு நின்றது. 1988-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சுற்றிலும் தேயிலை, ரப்பர் என்று ஆகிவிட்ட பிரதேசத்தில் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது 8,864 ஹெக்டேர்.

குடாவ வாசல் வழியாக உள்ளே போனால் வழிகாட்டிகள் கண்ணை விடக் காதைத்தான் நம்புகிறார்கள். அபூர்வப் பறவைகளைத் தேடி அலைவதில்லை. சளசளப்புக் கேட்டால் போதும், கையைக் காட்டி நிறுத்திவிடுவார்கள். அடுத்த அஞ்சு நிமிஷத்துக்குக் கழுத்து வலி நிச்சயம்!