சைக்கிளில் தளவானூர் வரை

செஞ்சி என்றதும் கோட்டைதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அது நியாயமே. 1677-ல் சிவாஜி கைப்பற்றிய கோட்டை அது; மொகலாயப் படை ஏறக்குறைய எட்டு வருஷம் முற்றுகையிட்டு, 1698-ல்தான் அதைப் பிடிக்க முடிந்தது. மராட்டியர் தொடர்புள்ள பன்னிரண்டு கோட்டைகளை 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றபோது, தமிழ்நாட்டிலிருந்து சேர்ந்தது செஞ்சி ஒன்றே. ஆனால் அந்தக் கோட்டைக்குப் பல நூற்றாண்டு மூத்த அரச காரியம் ஒன்று, செஞ்சிக்குத் தென்கிழக்கே ஒரு சிறு குன்றில் சந்தடியில்லாமல் இருக்கிறது. அந்த ஊரின் பெயர் தளவானூர்.

அங்கே போக வேண்டுமென்று நாங்கள் திட்டம் எதுவும் போடவில்லை. தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், திருவண்ணாமலையில் விடியற்காலைக் காப்பி குடித்துக்கொண்டிருக்கையில், உபாத்தியாயர்களான எங்கள் மூவரில் ஒருவர், "செஞ்சி வரை மிதித்துப் பார்க்கலாமா?" என்றார். அவ்வளவுதான். சுமார் 40 கிலோமீட்டர். பஸ்ஸில் போனால் ஒரு தூக்கத்துக்குக் காணாது.

சைக்கிளில் செல்பவனுக்குப் பூமியின் ஏற்ற இறக்கம் முழங்காலில் தெரிகிறது. செஞ்சியை நெருங்க நெருங்க, பாறைகளை அடுக்கி வைத்தாற் போன்ற குன்றுகள் எழுகின்றன. உண்மையில் யாரும் அடுக்கவில்லை. விரிசல் கண்ட கருங்கல்லை வெயிலும் மழையும் யுகக் கணக்கில் உருட்டித் திரட்டின, இடையிலிருந்த மண் கரைந்து போயிற்று, உருண்டைகள் நின்றுவிட்டன. குன்றுகளுக்கு நடுவே, செஞ்சியாறு என்றும் வராகநதி என்றும் பெயர் கொண்ட சங்கராபரணி, மழைக்காலத்து மிச்சத்தை நூல் போல் இழுத்துக்கொண்டு புதுச்சேரிக் கடலை நோக்கிப் போகிறது.

செஞ்சியில் இட்டிலி தின்று முடித்தபோது வெயில் ஏறிவிட்டது. திரும்பியிருக்கலாம், திரும்ப மனம் வரவில்லை. கடைக்காரப் பெரியவரிடம் தளவானூருக்கு வழி கேட்டோம். "அணை உடைஞ்சுதே, அந்த ஊருங்களா?" என்றார். 2021-ல் தடுப்பணை உடைந்த தளவானூர் இதே ஜில்லாவில் தென்பெண்ணைக் கரையில் இருப்பது. பத்திரிகைகளில் பெயர் அடிபட்டது அந்த ஊருக்கு. நாங்கள் தேடியது வேறு.

குன்றடியில் சைக்கிள்களை நிறுத்தியபோது, பள்ளிப் பிள்ளைகள் நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களில் இருவரிடம் பதினோராம் வகுப்பில் சர்க்கார் தரும் இலவசச் சைக்கிள்.

"பஞ்சபாண்டவர் மலை சார் இது" என்றான் ஒருவன். "பாடத்திலே எங்க ஊர்ப் பேரு இருக்குது. ஒரு மார்க்கு!" என்றாள் ஒரு பெண்.

மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த கோயில்களின் பட்டியலில் தளவானூர் ஒரு பெயர். மண்டகப்பட்டு, மாமண்டூர் என்று ஒப்பிக்கும்போது நடுவில் வந்து போகும். அந்த மகேந்திரன்தான் இந்த மண்டபத்தைச் செய்வித்தவன் என்று நாங்கள் சொன்னபோது, பிள்ளைகள் மண்டபத்தைப் புதிதாய்ப் பார்ப்பவர்கள் போல் பார்த்தார்கள். தெற்கு நோக்கிய முகப்பு, நடுத் தூண்களுக்கு மேல் மகரங்களின் வாயிலிருந்து வளைந்து வரும் தோரணம், மேலே கூடுகள், இரு கோடியிலும் துவாரபாலகர். கருவறை மட்டும் பக்கச் சுவரில் கிழக்குப் பார்த்து இருக்கிறது. சத்துருமல்லன் என்பது அவனுடைய விருதுப் பெயர்களில் ஒன்று. கோயிலுக்கும் சத்துருமல்லேசுவராலயம் என்றே பெயரிட்டான். வடமொழிக் கல்வெட்டோடு தமிழ்ப் பாட்டு ஒன்றும் தூணில் உண்டு. குன்று வெண்பேட்டுக்குத் தெற்கே இருப்பதாக அது அடையாளம் சொல்கிறது. நம் ஊர்க்காரர் வழி சொல்லும் முறை 1,400 வருஷமாக மாறவில்லை!

மண்டகப்பட்டு அங்கிருந்து சில கிலோமீட்டர்தான் என்றதும், சைக்கிள் வைத்திருந்த பிள்ளைகள் இருவரும் கூடவே புறப்பட்டார்கள். பிரமன், ஈசுவரன், திருமால் மூவருக்கும் எடுத்த மூன்று அறைகளும் இப்போது வெறுமையாக இருக்கின்றன. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றி விசித்திரசித்தன் ஆக்கிய கோயில் என்று அங்குள்ள கல்வெட்டு பெருமைப்படுவதை விளக்கினோம்.

"அப்போ அதுக்கு முன்னாடி அதுங்களாலேதான் கட்டினாங்களா சார்?" என்றாள் அந்தப் பெண்.

"ஆமாம் அம்மா."

"அந்தக் கோயிலெல்லாம் எங்கே?"

பதில் சொல்ல வெகு நேரமாயிற்று. விழுப்புரம் சாலைக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது.