தாய்மையும் மனமும் – 7: பத்துக் கேள்விகள்

பிரசவத்தை அடுத்து வரும் உன்மத்தத்தைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டுக்கே நேர்வதாயினும், கண்டவர் எவரும் காணாததுபோல் இருந்துவிட முடியாத ஆர்ப்பாட்டத்தோடு வருவது அது. ஆகையால்தான் பாரிஸ் வைத்தியர் லூயி விக்தோர் மார்ஸே, கர்ப்பிணிகளுக்கும் பிரசவித்தவர்களுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் உண்டாகும் சித்தப்பிரமையைக் குறித்து 1858-லேயே ஒரு தனி நூல் எழுத முடிந்தது. இவ்வாரம் பேசப் புகும் மனச்சோர்வோ சந்தடி செய்யாமல் வருவது. பத்துத் தாய்மாரில் ஒருத்தியையாவது பற்றிக்கொண்டும், வீட்டார் கண்ணுக்கும் வைத்தியர் கண்ணுக்கும் ஒருங்கே தப்பிவிடுவது.

தப்புவதற்குக் காரணம் உண்டு. மனச்சோர்வுக்கு வைத்தியர்கள் வழக்கமாகத் தேடும் லட்சணங்கள் உறக்கமின்மை, பசியில் மாறுதல், ஓயாத களைப்பு ஆகியவை. இரவெல்லாம் சிசுவுக்குப் பாலூட்டி, துணி மாற்றி, விடியும் வேளையில் சற்றே கண்ணயர்கிறவளிடம் போய், 'அம்மா, நன்றாகத் தூங்குகிறாயா?' என்று விசாரித்தால், அவள் சிரிக்காமல் இருந்தாலே பெரிது. அந்த லட்சணங்களை நம்பினால் பிள்ளை பெற்ற எல்லோரும் நோயாளிகள். நம்பாவிட்டால் ஒருத்தியும் நோயாளியல்லள்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர்கள் ஸ்காட்லாந்து தேசத்தின் எடின்பரோ நகரில் பணிபுரிந்த ஜான் காக்ஸ், ஜெனிஃபர் ஹோல்டன், ரூத் சகோவ்ஸ்கி என்னும் மூவர். இவர்களுள் காக்ஸ், அதற்கு முன்பே உகாண்டாவில் கர்ப்பிணிகளையும் பிரசவித்த பெண்களையும் ஆராய்ந்தவர். நம் பக்கத்தில் காற்று, கருப்பு என்று சொல்வதுபோல அந்நாட்டார் 'அமகிரோ' என்று பெயரிட்டு, கர்ப்ப காலத்தில் ஒழுக்கம் தவறியதன் பலன் என்று நம்பிவந்த பிரசவ வியாதியைக் குறித்தும் எழுதியவர். 1987-ல் மூவரும் வெளியிட்ட வினாப்பட்டியலில் கேள்விகள் பத்தே. கடந்த ஏழு நாட்களின் மனநிலையைப் பற்றியவை. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண். களைப்பைப் பற்றியோ பசியைப் பற்றியோ அதில் ஒரு சொல் இல்லை. சிரிக்க முடிகிறதா, வரப்போகிறவற்றை ஆவலோடு எதிர்பார்க்க முடிகிறதா என்றுதான் அது தொடங்குகிறது. உறக்கத்தைப் பற்றிக் கேட்கும் ஒரே இடத்திலும், துக்கத்தினால் உறக்கம் கெட்டதா என்றே கேட்கிறது. குழந்தை கெடுத்த உறக்கம் கணக்கில் சேராது. என் அபிப்பிராயத்தில் அப்பட்டியலின் மேதைமை முழுவதும் இந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. பத்தாவது கேள்வி, தனக்குத்தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் எழுந்ததா என்பது. இதற்கு 'ஆம்' என்னும் சாயல் வந்தாலே, மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாயினும், உடனே கவனித்தாக வேண்டும்.

தமிழிலும் இப்பட்டியல் பெயர்க்கப்பட்டுப் பரீட்சிக்கப்பட்டிருக்கிறது. வேலூர் வைத்தியர்கள் கிராமப்புறத்துக் கர்ப்பிணிகள் 359 பேரைத் தொடர்ந்து கவனித்து 2002-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நூற்றுக்குப் பதினொருவருக்குப் பிரசவத்தின் பின் மனச்சோர்வு புதிதாகத் தோன்றியதாகக் கண்டார்கள். வறுமை, ஆண்மகவை விரும்பிய இடத்தில் பெண் பிறத்தல், கர்ப்ப காலத்தில் நேர்ந்த துன்பங்கள், கைவேலைக்குத் துணையின்மை, மாமியாரோடு மனத்தாங்கல் ஆகிய காரணங்கள் நாம் எதிர்பார்ப்பவையே; ஆனால் மாமியாரை அடுத்து, பெண்ணைப் பெற்றவர்களோடு உள்ள மனத்தாங்கலும் அவ்வரிசையில் நிற்கிறது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு என்று அனுப்பிவிட்டு, இனிக் கவலையில்லை என்று நிம்மதி அடைகிற வழக்கத்தை நாம் சற்று யோசித்துப் பார்க்கலாம்.

கேள்வி கேட்பது சிகிச்சையாகாது என்பதை எடின்பரோக்காரர்கள் அறிந்தே இருந்தார்கள். வீடு தேடிச் செல்லும் சுகாதாரச் செவிலியருக்குச் சிறிது பயிற்சி அளித்து, வாரம் ஒரு முறையாக எட்டு வாரம், புத்திமதி சொல்லாமல் தாயின் பேச்சைக் கேட்டிருக்கும்படி அனுப்பினார்கள்; 1989-ல் வெளியான முடிவின்படி, அவ்வாறு கவனிக்கப்பட்ட 26 பேரில் 18 பேர் குணமடைந்தனர், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற 24 பேரில் 9 பேரே தேறினர். மீதமிருந்த எண்மரைப் போன்றவர்களுக்கு மருந்தும் வேண்டியிருக்கலாம். பாலூட்டுகிறவள் மனோவியாதிக்கு எந்த மருந்தும் உண்ணலாகாது என்று நம்மவரிடையே வேரூன்றிய அச்சத்தில் எவ்வளவு நியாயம், எவ்வளவு மிகை என்பதை அடுத்த வாரம் ஆராய்வோம்.